அமீனாவோடு ஓட ஓர் ஆள்

தஞ்சாவூர் ஜில்லாவில் ஒற்றை ஆள் ஓடி மூன்று ஊர் காலியானது உண்டென்றால், அது எங்கள் அமீனா சார் ஓடியபோதுதான். ஆற்றில் வெள்ளம் வந்தபோதுகூட ஜனங்கள் அவ்வளவு வேகமாக மாட்டை அவிழ்த்ததில்லை.

அமீனா என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கோர்ட்டிலிருந்து சம்மன் கொண்டுவருகிறவர், ஜப்திக்கு வருகிறவர், நிலத்தைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவை வாசலில் நின்று படிக்கிறவர். கோட்டையில் ஆட்சி மாறி, டீக்கடைக்கு டீக்கடை கொடி பறந்த காலம் அது. மிராசுதாருக்கும் குத்தகைக்காரருக்கும் வரப்பில் தகராறு, அறுப்புக் கூலியில் தகராறு. பாதி கோர்ட்டில் போய் நிற்கும். அங்கே என்ன முடிவானாலும் அமீனா சார் தலையில்தான் வந்து விடியும்.

நீடாமங்கலத்தில் அவருக்கும் எனக்கும் ஒரே லாட்ஜில் பக்கத்துப் பக்கத்து அறை. நான் உரக்கடையில் குமாஸ்தா. அவருக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். அமீனா படியேறுவதைப் பார்த்தால் வீட்டுக்கு ஜப்தி என்றல்லவா தெருவில் பேசுவார்கள்? மெஸ்ஸில் அவர் உட்கார்ந்தால் எதிர் இலைக்காரர் மோர் சாதத்தை மறந்து எழுந்துவிடுவார். ஒருமுறை தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எவர்சில்வர் குடம் வாங்கிக்கொண்டு போனார். பெண்ணின் அப்பா வெலவெலத்துப்போய், அவரை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு போனார்.

"எதுவா இருந்தாலும் தாலி கட்டி முடியட்டும் சார்."

குடத்தைக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்தார். அந்தக் குடம் யார் வீட்டில் ஜப்தி செய்தது என்று பந்தியில் பேசிக்கொண்டார்களாம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த பைத்தியம் ஓட்டப்பந்தயம். ஊர் விளையாட்டுக் கழகத்தில் ஒழுங்காகச் சந்தா கட்டுகிற ஒரே உறுப்பினர் அவர்தான். மார்கழி பிறந்தால் பொங்கல் பந்தயத்துக்குப் பயிற்சி ஆரம்பித்துவிடும். குரங்குக் குல்லாய், காக்கி அரை டிராயர், கேன்வாஸ் ஷூ சகிதம் பனியில் ஆற்றங்கரையோடு ஓடுவார்.

கரையோர ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி என்றால் என்ன தெரியும்? நடந்து வருகிற அமீனாவே ஆபத்து. ஓடி வருகிற அமீனா என்றால் கேட்க வேண்டுமா?

"அமீனா ஓடியாராருடோய்!" என்று ஒரு குரல் கிளம்பும். அடுத்த நிமிஷம் பசுக்கள் பக்கத்து ஊருக்குக் கிளம்பிவிடும். அண்டாவும் குண்டானும் குளத்துக்குள் முங்கிவிடும். கொதிக்கிற சோற்றுப் பானையை ஒரு வீட்டில் வைக்கோல் போருக்குள் ஒளித்து, போர் புகைந்ததாகவும் கேள்வி. மிராசுதார் வீடுகளில் வேறு பயம். ஆள் ஓடுகிறான், ஊர் அலறுகிறது, கலவரம்தான் என்று கதவைச் சாத்தினார்கள். ஒருநாள் போலீஸ் ஜீப் வந்து அவரை நிறுத்தியது.

"யாரு உன்னத் தொரத்துறா?"

"யாரும் இல்லீங்க."

"அப்ப நீ யாரத் தொரத்துற?"

"யாரையும் இல்லீங்க. சும்மா ஓடுறேன்."

"இப்ப இருக்கிற நெலமையில சும்மா எவன்யா ஓடுவான்? ஏறு வண்டியில."

பந்தயம் பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கி, ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பைத் தொட்டுத் திரும்ப வேண்டும். ஓடுகிறவர்கள் எல்லாம் இளவட்டங்கள். சார் வருஷாவருஷம் கடைசி. அவர் வந்து சேரும்போது எல்லைக் கயிற்றை அவிழ்த்துவிட்டு உறியடி ஆரம்பித்திருப்பார்கள். ஒரு வருஷம் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தவன் வீசிய கம்பு தோளில் இறங்கியதுதான் அவருக்குக் கிடைத்த வரவேற்பு.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பந்தயம் வையுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். கழகச் செயலாளர் தையல்காரர், நியாயஸ்தர்.

"ஒத்த ஆளு ஓடுனா அது பந்தயமா சார்? பஸ்ஸப் புடிக்க ஓடுற மாதிரில்ல இருக்கும்? இன்னொரு ஆளக் கூட்டியாங்க, வச்சிடுவோம்."

அந்த இன்னொரு ஆள்தான் கிடைக்கவில்லை. மெஸ்காரருக்கு மூட்டுவலி. தபால்காரர், "சம்பளத்துக்கு ஓடுறது பத்தாதா சார்?" என்றார். கடைசியில் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு இன்னும் ஒரு பதினஞ்சு வயசு கூட இருந்திருக்கலாம் சார்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஒருநாள் சாயங்காலம் முழங்கால் வரை சேறும், முகமெல்லாம் சிரிப்புமாக என் அறைக்குள் வந்தார்.

"இன்னிக்கு ஒருத்தர் என்கூட ஓடினார் சார்!"

"கூடவா?"

"முன்னாடி. நான் பின்னாடி."

மாரிமுத்து என்ற குத்தகைக்காரர். சார் வயதுதான். அவரை நிலத்திலிருந்து வெளியேற்ற மிராசுதார் வழக்குப் போட்டிருந்தார். அந்தச் சம்மனைக் கொடுக்கப் போன இடத்தில், சாரைக் கண்டதும் மனிதர் வரப்பில் எடுத்திருக்கிறார் ஓட்டம். வாய்க்கால் தாண்டி, மூங்கில் பாலம் தாண்டித் துரத்தியும் சாருக்கு எட்டவில்லை. சட்டப்படி சம்மனை வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வந்துவிட்டார்.

"என்ன ஓட்டம் சார்! காலில் செருப்புகூட இல்ல!" அன்றைக்குச் சார் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எங்களைக் கண்டதும் மாரிமுத்து வாய்க்காலின் அந்தக் கரைக்குத் தாண்டிக்கொண்டார். சார் இந்தக் கரையில் நின்று கத்தினார்.

"காயிதம் ஒண்ணும் இல்லீங்க! பந்தயத்துக்குக் கூப்பிட வந்தேன்!"

"சம்மனத்தான் ஒட்டிட்டீங்களே, இன்னும் எதுக்குய்யா தொரத்துறீங்க?"

"என்கூட ஓடுறதுக்கு ஆள் இல்லீங்க!"

வாய்க்கால் அகலம், அதையும் அவர் உரக்கக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. மாரிமுத்து வயலுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

ஆனால் பொங்கலன்று மாரிமுத்து தன் ஊரையே கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு.

"மொதல்ல அய்யாவப் பையக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

சார் டிராயர் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு பெப்பர்மிட்டு விழுந்தது. குல்லாயையும் கழற்றி உதறினார். கூட்டம் விசிலடித்தது. செயலாளர் விசில் எது, கூட்டத்தின் விசில் எது என்று தெரியாமல் இருவரும் பாய்ந்தார்கள்.

நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். தலைப்பைத் தொட்டுத் திரும்பும்போது தோளோடு தோள் வந்தார்கள்.

"மூச்சு வாங்குதாய்யா?" என்றார் மாரிமுத்து.

"உங்களுக்கு?"

"எனக்கும்தான்."

கொஞ்ச தூரம் இருவரும் ஒரே வேகத்தில் ஓடினார்கள். மைதானத்தில் ஜனங்கள், "ஓடு மாரி, அமீனா வாராரு!" என்று கூச்சல் போட்டார்கள். பத்தடி முந்தி மாரிமுத்து கயிற்றைத் தொட்டார். தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

இருவரும் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள்.

"அடுத்த வருஷமும் வருவீங்கல்ல?" என்று சார் கேட்டார்.

மாரிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். "நெலம் நெலச்சா இங்கதான் இருப்பேன், வரேன். இல்லாட்டி எந்த ஊருல மண்ணு சொமக்கிறேனோ. காலி பண்ணச் சொல்லி உத்தரவு வந்தா நீங்கதானய்யா கொண்டாரணும்?"

திரும்பும் வழியில் சார் ஆற்றங்கரைப் பிள்ளையார் முன்னால் ஷூவைக் கழற்றிவிட்டு, வேர்வை சொட்டச் சொட்டக் கண்ணை மூடி வெகுநேரம் நின்றார்.

"என்ன சார் வேண்டுதல்?"

"அந்தக் கேஸ் தள்ளுபடி ஆயிடணும்." சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கோர்ட்டு சிப்பந்தி இப்படி வேண்டிக்கக் கூடாது சார். அதனால வாய்விட்டுக் கேக்கல."

நான் கோர்ட்டு சிப்பந்தி இல்லை. அவருக்கும் சேர்த்து, பிள்ளையாருக்கு நன்றாகக் கேட்கும்படி வாய்விட்டே கேட்டேன்.