பன்னிரண்டரை மீட்டர் வண்டியும் பத்து மீட்டர் முனையும்

வாழிய செனோபியோ டிகோனா. எல் ஆல்டோச் சந்தையில் மூன்று துணிக்கடைகளை ஆளும் வேந்தன், கார்முகில் நிறச் சொகுசு வண்டியின் அதிபதி, ஏழு தோல் இருக்கைகள் இருந்தும் தனியே அமர்ந்து வரும் துயர்கொண்டோன் வாழிய. திதிகாகா ஏரியே, அவன் பொருத களத்தை எழுத உன் நீலத்தில் சிறிது மை கடன் கொடு.

அவன் துயரின் காரணம் இதுதான். கோபகபானா மாதா கோவில் வாசலில் பாதிரியார் நீர் தெளித்து ஆசி வழங்காத புதுவண்டியில் கால் வைக்கமாட்டேன் என்று மனைவி காசில்தா சொல்லிவிட்டாள். மூன்று வாரமாக அவனுக்கு வலப்பக்க இருக்கை காலி. இன்றும் அவள் மினிபஸ்ஸில்தான் வந்து இறங்கினாள். அவள் வீட்டு வழக்கம் வேறு கடுமையானது: ஆசிக்குப் போகிற வண்டி ஓரடிகூடப் பின்வாங்கலாகாது, வாங்கினால் அதிர்ஷ்டமும் வந்த வழியே போய்விடும். பாதிரியாரோ பன்னிரண்டு மணிக்கு வாளியைக் கவிழ்த்துவிடுவார். அப்போது மணி பதினொன்று ஐம்பது.

கோவிலுக்கு முந்தைய இடப்பக்க முனையில் மூண்டது போர். பூமாலை சூடி முன்னே சென்ற மைத்துனன் ஃபிடென்சியோவின் சிறு டாக்ஸி, ஒன்பதே மீட்டர் வட்டத்தில் வாலைச் சுழற்றும் பூனைபோல் ஒரே வீச்சில் திரும்பிப் போயிற்று. நம் வேந்தனின் வண்டி திரும்ப வேண்டிய வட்டம் பன்னிரண்டரை மீட்டர். முனைக்கு அகலம் பத்து. மதங்கொண்ட களிறு கொட்டாங்கச்சிக்குள் நின்று சுழல முனைந்தாற்போல, முன்சக்கரங்கள் முழுதும் இடம் திரும்ப, மாலைகள் அதிர, அவன் ஸ்டீயரிங்கைப் பற்றி இழுத்தான். வலமுகம் மீன்கடைச் சுவரை நெருங்கியது. இடப்பின்புறம் உள்முனைக் கல்லைத் தழுவியது.

"மச்சான், இது வண்டியா, வீடா? ஒரு ரூம் வாடகைக்குக் கிடைக்குமா?" டாக்ஸியை நிறுத்திவிட்டு வந்து கேட்டான் ஃபிடென்சியோ.

"இன்னும் ஒரு சாண்தான்டா. திரும்பிரும். பேசாம நில்லு."

வண்டிக்கு முன்னே நின்று வழிகாட்டிய காசில்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "ரிவர்ஸ் போட்டீங்கன்னா நான் திரும்பியும் மினிபஸ்தான். சொல்லிட்டேன்."

அம்மொழி கேட்ட வேந்தன், புறமுதுகு காட்டேன் எனப் பற்களைக் கடித்து, மேலும் ஒரு சாண் முன்னேறினான். அத்துடன் வண்டி அசைவற்றது. பின்னே நின்ற பத்தொன்பது வண்டிகளின் ஹாரன்கள் போர்ச்சங்கெனப் பொங்கி ஏரிவரை அதிர, அந்தப் பேரொலிக்கு எழுந்து வந்தார், வாளி ஏந்திய வருணனைப்போல், பாதிரியார்.

"இறங்க வேணாம் ஐயா," என்றார் அவர், இருபக்கமும் எட்டிப் பார்த்து. "இறங்கவும் முடியாது போலருக்கே."

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு, களத்திலேயே, நின்ற கோலத்திலேயே, பூக்கொத்தால் நீர் தெளிக்கப்பட்டது. வழக்கப்படி வண்டிமேல் ஊற்றிய பீர் நுரைத்தது, வெடி வெடித்தது, காகிதத்துகள் வண்ணமழையாய் வேந்தனின் கண்ணாடியில் ஒட்டியது. மூன்று வாரத்தில் முதன்முறையாகக் காசில்தா சிரித்தாள்.

"சீட்டுல கெடக்கற பையை எடுங்க. நான் ஏறிக்கறேன்."

மூன்று கடையும் முந்நூறு கடையானாற்போல் நெஞ்சு விம்ம, பின்வாங்காத பெருமகன் பையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இருக்கையைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்துக் காத்திருந்தான். அவள் தன் அகன்ற பாவாடைகளை ஒதுக்கிக்கொண்டு, வண்டிக்கும் மீன்கடைச் சுவருக்கும் இடையே கையை நுழைத்துக் கைப்பிடியைப் பற்றி இழுத்தாள்.

கதவு திறக்கவில்லை.