பாரிஸ் மலையடிவாரத்தில் கழற்றிய செருப்பு

பாரிஸ்
12.10.2004

இயேசுவுக்கே புகழ்.

மரியாதைக்குரிய வத்தலக்குண்டு மச்சான் ஸ்டான்லி அவர்களுக்கு, திண்டுக்கல் சூசைராஜ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் ஜெஸ்ஸியும் நலம். அங்கு தாங்களும் அக்காவும் மருமகனும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

ஜெஸ்ஸி ஆசைப்படும் படம் வரைகிற பையனைப் பார்த்து, ஒரு குறையாவது கண்டுபிடித்து, அவளைக் கையோடு கூட்டி வந்து உங்கள் மகனுக்கே கட்டி வைப்பதாகச் சொல்லித்தான் விமானம் ஏறினேன். அதன்படி இன்று அவள் வேலைக்குப் போனதும், பையன் உட்கார்ந்து வரையும் மோன்மார்த் என்ற இடத்துக்குத் தனியாக நடந்தே போனேன். அந்தக் காலத்தில் வேலைவெட்டி இல்லாத ஓவியர்களும் கவிஞர்களும் குடியிருந்து பேர் வாங்கிய பேட்டையாம். பார்த்தால் அது ஒரு மலை. உச்சியில் வெள்ளையாகத் திரு இருதயக் கோயில், ஏறுவதற்குப் படிக்கட்டு, பக்கத்தில் பழனி மாதிரியே விஞ்சு. இதற்கு மேல் யாராவது செருப்போடு ஏறுவார்களா? டோக்கன் கொடுக்க ஆள் இல்லாததால் விளக்குக் கம்பத்தடியில் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். மேலே எல்லாரும் பூட்ஸோடு ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். வந்தது வந்தோம் என்று வெறுங்காலோடு, குரங்குக் குல்லாவோடு சந்து சந்தாகச் சுற்றினேன். நம்மூரில் இப்படிப் போனால் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள்; இங்கே என்னையும் கலைஞன் என்று நினைத்து நாற்காலி போட்டார்கள். தாடிக்காரக் கிழவர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து, தானும் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கூடவே நடந்து வந்தார்.

ஓவியர்கள் கூடும் சதுக்கத்தில் ஒரு பையன் எழுந்து வந்து, "அங்கிள், தமிழா? குளிர்ல கால் வெறைச்சிடும்" என்று தன் ஷூவைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டான். பெயர் கேட்டேன். பிராங்க்ளின், பூர்வீகம் காரைக்கால் என்றான். மச்சான், ஜெஸ்ஸி சொன்ன அதே பெயர், அவனேதான்! நான் யாரென்று காட்டிக்கொள்ளவில்லை.

"என்னப்பு, வருமானமெல்லாம் எப்படி?"

"வெயில் அடிச்சா உண்டு அங்கிள். மழை பேஞ்சா இல்ல."

அடிவாரம் வரை அவன் வெறுங்காலோடு என்னுடன் இறங்கி வந்தான். என் செருப்பைக் காணவில்லை. "நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

குறை கிடைத்துவிட்டது மச்சான். முன்பின் தெரியாதவனுக்கு ஷூவைக் கொடுக்கிறவன், நாளைக்கு ஜெஸ்ஸியின் கழுத்துச் சங்கிலியையும் யாருக்காவது கழற்றிக் கொடுத்துவிட மாட்டானா? வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பங்குச் சாமியாரைப் பார்த்து, ஜெஸ்ஸிக்கும் மருமகனுக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசித்து அறிவிக்க ஏற்பாடு செய்யவும். அக்காவுக்கு என் தோத்திரமும் மருமகனுக்கு ஆசீரும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
சூசைராஜ்

பி.கு.: ஓலை வாசிக்கச் சொல்லியிருந்தால் உடனே நிறுத்தவும். சாயங்காலம் ஜெஸ்ஸி வந்ததும் என் முடிவைச் சொன்னேன். சண்டை போடுவாள் என்று பதில்களெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள், "நீங்க வேணாம்னா வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இறக்கித் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. "அந்தப் பயல சாப்பிட வரச் சொல்லு தாயி" என்று சொல்லிவிட்டேன். வந்தான், சாப்பிட்டான், வாக்குக் கொடுத்துவிட்டேன். அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் கோபம் ஆறியதும் ஒரு போன் போடுங்கள். அதுவரை டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு இங்கேயே இருந்துகொள்கிறேன்.