மாமாவின் ரேடியம் மணிக்கூடு

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் விஷயத்தில் புத்திதான் முதலில் மட்டானது. ஆத்திரம் பிறகு வந்தது, இன்னும் போகவில்லை.

அறுபதுகளில் அணுவியலில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய வெளிநாட்டில் ஒரேயொரு இடம் இருந்தது. அதற்கான தேர்வுக்குப் பேராசிரியர் என்னை இரண்டு வருடம் 'பயிற்றினார்'. பயிற்சி என்றால் கரும்பலகை மட்டும்தான். கதிர்வீச்சை அளக்கும் கருவியை, உடைத்துவிடுவோம் என்று அலுமாரியில் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டு திரிந்தார் மனுசன். (சமையல் பழக வந்தவனுக்குக் குசினியைக் காட்டாத கதை.) தேர்வு நாளன்றுதான் அது என் கைக்கு வந்தது. கடற்கரைக் கறுப்பு மணலில் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு என்பதால், கதிர்வீச்சுள்ள இடத்தைக் கருவியால் கண்டுபிடிக்கும் அந்தத் தேர்வும் என் ஊரான திருகோணமலையில்தான்.

புறப்படும்போது மாமா தன் ரேடியம் மணிக்கூட்டை என் இடக்கையில் கட்டிவிட்டார். வெள்ளைக்காரக் கப்பற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது அவருடைய துரை கொடுத்தது. எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்குப் போகிறவன் அதைக் கட்டாமல் படி இறங்கக்கூடாது. அது இருட்டில் ஏன் மினுங்குகிறது என்று இரண்டு பக்கம் எழுதக்கூடிய மடையன் நான், கருவியையும் அதே கையில் பிடித்தேன்.

மணலில் வைத்தேன், கடகடவென்று கத்தியது. சந்தோஷம். கோயிலடியில் வைத்தேன், அங்கேயும் கத்தியது. மீன் சந்தையிலும் கத்தியது. சந்தையை உடனே மூடவேண்டும் என்று தேர்வாளர்களுக்கு அறிவித்தேன். பேராசிரியர் பெருமையாகத் தலையாட்டினார். கிண்ணியா மீன் வியாபாரி ஒருவரை நானே எழும்பச் சொன்னேன். அவர் அசையவில்லை.

"தம்பி, நீங்க வரக்குள்ளதான் இது கத்துது. அந்த ஐயாட்டக் குடுத்துப் பாருங்க."

வெளிநாட்டுத் தேர்வாளரிடம் கொடுத்தேன். கருவி வாயை மூடிக்கொண்டது. அவர் என் மணிக்கூட்டைப் பார்த்தார். ஊரெல்லாம் கருவியைக் கத்தவைத்தது அதன் கதிர்வீசும் ரேடியப் பூச்சு! அவர் சிரிக்கக்கூட இல்லை. இடம் வேறொருவனுக்குப் போனது.

"மணிக்கூட்டைக் கழட்ட வேணுமெண்டும் தெரியாதோ?" என்றார் பேராசிரியர்.

"நீங்கள் எப்ப சேர் கருவியைக் காட்டினனீங்கள்?" என்று கேட்டிருக்கவேண்டும். நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு சுற்றிவளைத்துப் பட்டம் எடுத்து, நானும் ஆய்வாளர்களைப் பயிற்றினேன். என் அலுமாரிக்குப் பூட்டில்லை. முதல் நாளே கருவி அவர்கள் கையில், உடைந்தால் உடையட்டும்.

வீட்டில்தான் தப்ப ஏலாது. கறி சரியில்லை, பேப்பர்காரன் சரியில்லை, நாடே சரியில்லை என்று நான் கத்தத் தொடங்கினால் மனைவி அமைதியாகச் சொல்லுவா:

"ஊரில ஒரு பிழையுமில்லை. முதல்ல உங்கட மணிக்கூட்டைக் கழட்டுங்கோ."

நான் மணிக்கூடு கட்டுவதை விட்டு எத்தனையோ வருடம் என்று சொன்னாலும் விடமாட்டா.