மரியஅந்தோணியின் ஐந்து பிட்

இனிமேல் தன் உடம்பு இரும்பு என்று மரியஅந்தோணி ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தார். அதுவரை அது இலவம்பஞ்சாக இருந்தது அவர் மனைவி பியாட்ரிஸுக்கு மட்டும்தான் தெரியும்.

காரணம் கூடலூர். அங்கே எஸ்டேட் துரை புதிதாகக் காடு வெட்டித் தேயிலை போடுகிறார். அதற்கு ஒரு பெரிய மேஸ்திரி வேண்டும். காக்கி நிக்கர், பூட்ஸ், கழுத்தில் விசில். குன்னூர் எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் மரியஅந்தோணிக்கு அந்த விசில் கனவிலேயே ஊதத் தொடங்கிவிட்டது.

பியாட்ரிஸுக்குக் கூடலூர் என்றாலே ஆகாது. அந்தப் பக்கம் காட்டுக் காய்ச்சல். போன மழைக்கு அங்கே வேலைக்குப் போன அவள் தங்கை புருஷன் லூயிஸைக் கம்பளியில் சுற்றித்தான் தூக்கி வந்தார்கள். பிழைத்தார். ஆனால் இன்றைக்கும் கோயிலில் முழங்கால் போட்டால் எழுப்பிவிட ஆள் வேண்டும்.

"ஏனுங்க, போக வேண்டாமுங்க."

"சும்மா இரு. டாக்டர் துரை சோதிச்சுப் பாத்து, பிட்டான ஆளைத்தான் அனுப்புவாராம்."

"பிட்டுங்களா? அரிசியிலயா, ராகியிலயா?"

"அட, இங்கிலீசு பிட்! பலம், மூச்சு, தாக்குப்பிடிக்கிறது, வளையறது, தொப்பை இல்லாதது. அஞ்சும் இருக்கோணும்னு ஹெட் கிளார்க் செல்லதுரை சொன்னாரு. கல்யாணத்துக்கு முந்தி வெள்ளைக்கார டாக்டர் பங்களாவுல ஆயாவா இருந்தியே, என்னத்தக் கத்துக்கிட்ட? ஹாட் வாட்டர், நோ மில்க்!"

"அவ்வளவுதானுங்க" என்றாள் பியாட்ரிஸ்.

பயிற்சி தொடங்கியது. பலத்துக்காக அம்மியைத் தூக்கினார். "தூக்கினது தூக்கினீங்க, அப்படியே நில்லுங்க. அடியில கூட்டிக்கிறேன்" என்று விளக்குமாற்றோடு வந்தாள் பியாட்ரிஸ். தாக்குப்பிடிக்கும் பயிற்சியும் அதிலேயே முடிந்தது. மூச்சுக்காக மேட்டில் ஓடினார். அட்டைகளும் அவரோடு ஏறின. குனிந்து கால்விரலைத் தொடப் பார்த்தார். தொப்பை குறுக்கே வந்து மறைத்தது.

"பயப்படாதீங்க, விரலு அங்கதான் இருக்குது. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு, அவர் பெல்ட்டில் புது ஓட்டை போட்ட அன்று சிரிப்பு நின்றது. தொப்பை கரைந்துவிட்டது. விரலையும் தொட்டுவிட்டார். மனுஷன் போயே விடுவாரோ? அன்றைய ரசத்தில் உப்பும் இல்லை, புளியும் இல்லை.

சோதனை நாள் காலையில் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"டாக்டர் துரை இப்பத்தான் கப்பல்ல வந்து இறங்கினவராமே. தமிழ் தெரியாதாம். என்னன்னு சொல்லுவீங்க?"

"ஐ ஹேவ் பிட்."

"ஒண்ணுதானுங்களா? அஞ்சு சேத்தி வெச்சிருக்கீங்களே."

மரியஅந்தோணி யோசித்தார். ஒரு மூட்டை என்றால் பேக். ரெண்டு மூட்டை என்றால் பேக்ஸ். முகம் மலர்ந்தது.

"பிட்ஸ்! ஐ ஹேவ் பிட்ஸ்!"

"எனக்கென்னங்க தெரியும், நீங்க சொன்னாச் சரிதான். காலையும் சாயங்காலமும் பண்றீங்களே, அதையும் சேத்திச் சொல்லீருங்க."

டாக்டர் துரை நெஞ்சில் குழாய் வைத்தார். முதுகில் தட்டினார். சைகை காட்டிக் குனியச் சொன்னார். "குட், குட்" என்று கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். மரியஅந்தோணி விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"சார்! ஐ ஹேவ் பிட்ஸ்!"

பேனா நின்றது. "ஃபிட்ஸ்?"

"எஸ் சார்! மார்னிங் பிட்ஸ், ஈவினிங் பிட்ஸ். வெரி ஸ்ட்ராங். மை ஒய்ஃப் ஆல் சீயிங்!"

டாக்டர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். ஆளுக்கொரு பக்கம் கையைத் தாங்கி இரண்டு பேர் வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். பெரிய மேஸ்திரி என்றால் சும்மாவா என்று மரியஅந்தோணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் செல்லதுரை கூப்பிட்டார்.

"அந்தோணி, கூடலூருக்குக் கொர்னேலியஸ் போறான். அவன் அந்தக் காய்ச்சலோடவே பொறந்து வளந்தவன். உனக்கு இங்கயே வேலை, அதே சம்பளம். ஆனா தனியா மேடு ஏறப்படாது, மெஷின் பக்கம் போகப்படாது. டாக்டர் உத்தரவு."

"ஏனுங்க? எனக்கு அஞ்சு பிட்டும் இருக்குதே!"

"பிட்ஸுன்னா காக்கா வலிப்புய்யா! நீயேதான் சொன்னியாமே!"

மரியஅந்தோணி கொதித்துக்கொண்டு மேட்டில் ஏறினார். பாதி வழியில் லூயிஸ் கம்பளியைப் போர்த்தித் தடி ஊன்றி வந்தார்.

"என்ன சகலை, கூடலூர் போகலியாமே?"

வெயிலிலும் கழற்றாத அந்தக் கம்பளியைப் பார்த்ததும் மரியஅந்தோணியின் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. இத்தனை நாள் பழகிய மூச்சிலேயே அதுதான் நீளம்.

இருந்தாலும் வாசலுக்கு வந்ததும், கழற்றி வைத்த கோபத்தை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏம்புள்ள! பிட்ஸுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது?"

"ஹாட் வாட்டர், நோ மில்க். வேற என்னங்க தெரியும் எனக்கு?" என்றவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாய் என்னவோ சிரித்தது.

மரியஅந்தோணி பல்லைக் கடித்தார். கையை உதறினார். காலால் தரையை உதைத்தார். செய்தி அவருக்கு முன்னாலேயே லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மெட்டில்டா, "ஐயோ மாதாவே!" என்று அலறி, இரும்புச் சாவிக்கொத்தோடு ஓடிவந்து அவர் கையில் திணித்தாள்.

"பதறாதீங்க அக்கா" என்றாள் பியாட்ரிஸ். "இது அவரோட ஈவினிங் பிட்ஸ்."