முப்பது மில்லிமீட்டர் முள்ளங்கி

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் டொகுரா கென்சுகே அவர்களுக்கு, தங்கள் தங்கை சுமியேயின் கணவன் இசோபே மசானோரி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

மூச்சு விட்டாலே புகையாகத் தெரியும் இந்த டிசம்பர் முதல் வாரத்தில், சுருகாவின் கடற்காற்று தங்கள் முழங்காலை அதிகம் தொந்தரவு செய்யாமல் இருக்கிறதா? வீட்டில் அக்காவின் இருமல் நின்றதா? கடிதத்தின் இந்த இடத்தில் 'இங்கு யாவரும் சௌக்கியம்' என்று எழுதுவது மரியாதை. எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். சௌக்கியம் இல்லை மச்சான். உங்கள் தங்கை அடுத்த வீட்டுக்காரன் சமைத்த முள்ளங்கியை என் எதிரிலேயே தின்றுவிட்டுக் கண்ணை மூடினாள். நிதானமாக முதலிலிருந்து எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், கை கேட்கவில்லை.

போன மார்ச்சில் நான் போல்ட் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றது தங்களுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் போல்ட்டுகளை அளந்து, சரி, தவறு என்று பிரித்தவன். ஓய்வு பெற்ற மறுநாள் சுமியே தன் ஏப்ரனை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். "எனக்கும் இன்னையோட ரிட்டயர்மென்ட்டுங்க. சலவைக் கடைக்கு வேலைக்குப் போறவ நான், வீட்ல உக்காந்திருக்கறவர் நீங்க. ராத்திரிச் சாப்பாடு இனிமே உங்க பொறுப்பு. டாக்டர் சொன்னபடி உப்பு கம்மி, எண்ணெய் கம்மி. செலவும் கம்மியா இருந்தா நல்லது" என்றாள். நானும் மறுபேச்சுப் பேசவில்லை. சோறு, மிசோ விழுது கரைத்த சூப், வேகவைத்த காய் ஒன்று, மீனோ டோஃபுவோ ஒன்று, இதைச் செய்வதற்கு என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். இன்றைக்கும் நான் சமையலில் கணக்குத் தப்பியதில்லை. ஒரு முள்ளங்கி வாங்கினால் கிழங்கு வேகவைக்க, தோல் வதக்க, கீரை எள்ளோடு சோற்றில் கிளற என்று மூன்று நாள் ஓட்டுவேன். நீங்கள் வருஷாவருஷம் அனுப்பும் கடற்பாசிப் பட்டையை ஊறவைத்துச் சாறு எடுத்ததும் வீசிவிடாமல், பொடியாக நறுக்கி சோயா சாஸில் சுண்டவைத்து மறுநாள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் செய்வேன். முள்ளங்கியை வில்லை போடும்போது தொழிற்சாலையில் எனக்குப் பிரிவுபசாரமாகக் கொடுத்த வெர்னியர் அளவுகோலை வைத்து அளப்பேன். முப்பது மில்லிமீட்டர். ஒன்று முப்பத்தொன்றாக இருந்தால் அது சூப்புக்குப் போய்விடும்.

இவ்வளவும் எதற்காக? அவள் வாயால் ஒரு தடவை 'நல்லா இருக்கு' என்று கேட்பதற்காக. மூடி மறைக்காமல் சொல்கிறேன், மச்சான், வேறு எதற்காகவும் இல்லை. எட்டரை மாதம் ஆகிறது. தினமும் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவாள். இரண்டு கையையும் சேர்த்து, "விருந்துக்கு நன்றி" என்பாள். அதை எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொல்வதுதானே! ரயிலில் வாங்கித் தின்னும் பொட்டலச் சோற்றுக்கும் அதைத்தான் சொல்வாள். நான் வாய்விட்டுக் கேட்டதும் இல்லை. கேட்டு வாங்கினால் அதற்குப் பாராட்டு என்று பெயரா?

இந்த நிலைமையில்தான் அடுத்த வீட்டு ஹயாசாகா வருகிறார். நாங்கள் 302, அவர் 303. பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்தவர், மனைவி தவறிப்போய் ஆறு வருஷம் ஆகிறது, மகள் நாராவில் இருக்கிறாள். நரைத்த மீசையும் கருநீல ஏப்ரனுமாகப் பாட்டை முனகிக்கொண்டே சமைப்பார். அவர் வீட்டுப் புகைபோக்கி நேராக எங்கள் பால்கனியைப் பார்த்திருக்கிறது, நான் துணி காயப்போடப் போனால் அவருடைய சூப்பு மணம் என் சட்டையில் ஏறிக்கொள்கிறது. குடியிருப்புச் சங்கக் கூடத்தில் மாதம் ஒரு முறை 'சிக்கனமாய்ச் சமைப்போம்' என்று வகுப்பு வேறு எடுக்கிறார். எதிர் பிளாக் பெண்கள் எல்லாரும் முன்வரிசையில் இடம் பிடிக்கச் செருப்பை விட்டு வைக்கிறார்கள். நானும் போய்ப் பார்த்தேன், உளவு பார்க்கத்தான். முளைப்பயறும் டோஃபுவும் போட்டு ஏதோ செய்தார். என்ன செய்தார் என்று எனக்கு நினைவில்லை, ஏனென்றால் கூட வந்த சுமியே அவர் பேச்சுக்குச் சிரித்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூப்பர் மார்க்கெட்டில் இன்னும் மோசம். சாயந்திரம் ஆறு மணிக்குப் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுகிற பெண் வருவாள். நான் கானாங்கெளுத்திக்கு முன்னால் நின்றுகொண்டு, சோயா சாஸ் பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்கிறவன் மாதிரி பாவனை செய்துகொண்டு கால் மணி நேரம் காத்திருப்பேன். ஹயாசாகா அப்போதுதான் உள்ளே வருவார். அவள் ஓடிப்போய், "சார், உங்களுக்குன்னு இதை எடுத்து வெச்சேன்" என்பாள். எனக்கு வால்தான் மிஞ்சும்.

போன மாதக் கடைசியில் அவர் நீல மூடி போட்ட டப்பாவில் பரங்கிக்காய் வேகவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "இசோபே சார், கொஞ்சம் அதிகமா ஆயிடுச்சு, தப்பா நெனைக்காதீங்க" என்று குனிந்தார். அதிகமாகிவிட்டதாம்! ஒரு ஆள் சாப்பாடு அளந்து வைக்கத் தெரியாதவரா வகுப்பு எடுக்கிறார்? சுமியே ஒரு துண்டு வாயில் போட்டாள், "அடடா" என்றாள். வாங்கின டப்பாவை வெறும் டப்பாவாகத் திருப்பக்கூடாது என்பது நமக்கெல்லாம் இருக்கிற வழக்கம்தானே. அன்றே தீர்மானித்தேன், இந்த டப்பாவுக்குள் போகிற பண்டத்தைப் பார்த்து அந்த ஆள் மீசையைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று. போன ஞாயிற்றுக்கிழமை கடையிலேயே நல்ல முள்ளங்கியாகப் பார்த்து வாங்கினேன். முப்பது மில்லிமீட்டர் வில்லைகள், ஓரமெல்லாம் சீவி, அடியில் சிலுவைக் கீறல் போட்டு, அரிசி கழுவின தண்ணீரில் முதலில் வேகவிட்டு, பிறகு சோயா சாஸ் விட்ட உங்கள் கடற்பாசிச் சாற்றில், பாத்திரத்துக்குள்ளேயே இறங்கி உட்காரும் மரமூடியைப் போட்டு ஒன்றேகால் மணி நேரம் சிறு தீயில் வைத்தேன். எட்டு வில்லையைச் சாற்றோடு நீல டப்பாவில் அடுக்கிச் சுமியேயிடம் கொடுத்து அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனேன். மிச்சத்தை இரவு நாங்கள் சாப்பிட்டோம். "விருந்துக்கு நன்றி" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்து அதே நீல மூடி டப்பாவை எடுத்து வைக்கிறாள்! ஒரு நாள் கூடப் பொறுக்காமல் பதில் டப்பா வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். மூடியைத் திறந்தால் முள்ளங்கி. என்ன திமிர் பாருங்கள், முள்ளங்கிக்கு முள்ளங்கியால் பதில்! என்னுடையது வெள்ளையாக இருக்கும், இது தேக்கு நிறத்தில் நடுவரை சாறு இறங்கி மின்னிக்கொண்டு இருந்தது. சூடுபண்ணிச் சுமியே ஒன்றை வாயில் வைத்தாள். அப்போதுதான் கண்ணை மூடினாள்.

"ஆ... இதுதாங்க முள்ளங்கி. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

எட்டரை மாதமாக நான் காத்திருந்த வார்த்தை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

"இன்னொண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். அடுத்தவன் முள்ளங்கியைத் தின்ன என்னிடம் அனுமதி கேட்கிறாள், மச்சான்!

"தாராளமா தின்னு. எனக்கென்ன?"

"எப்படிங்க இப்படி வந்துச்சு?"

"என்னைக் கேட்டா?"

"வேற யாரைக் கேக்கறது? என்ன ஆச்சு உங்களுக்கு, நீங்களும் ஒண்ணு சாப்பிடுங்களேன்."

"வயிறு நிறைஞ்சிருக்கு" என்றேன். வயிறு நிறைந்துதான் இருந்தது, பொறாமையால். பொய் சொல்லவில்லை.

மறுநாள் அவள் சலவைக் கடைக்குப் போனதும், அந்த ஆளின் சூட்சுமம் என்ன என்று பார்க்க டப்பாவில் மிச்சமிருந்ததில் ஒரு வில்லையை வெளியே எடுத்தேன். வாயில் வைக்க மனம் வரவில்லை. வெர்னியரை எடுத்தேன். முப்பது மில்லிமீட்டர்! திருப்பி வைத்து அளந்தேன், முப்பது! கண்ணால் பார்த்து நறுக்குகிற பாட்டு வாத்தியாருக்கு முப்பது எப்படி வரும்? அடியில் பார்த்தால் சிலுவைக் கீறல், அதுவும் என்னுடையது போலவே கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து! நான் அனுப்பிய டப்பாவைத் திறந்து, ஸ்கேல் வைத்து என் அளவைத் திருடி, என் முள்ளங்கியை என்னைவிட நன்றாகச் செய்து, என் மனைவிக்கே அனுப்பியிருக்கிறான். இப்படி ஒரு அக்கிரமம் உண்டா?

புதன்கிழமை காலை குப்பை போடும் இடத்தில் ஆள் மாட்டினார். காக்கை கிளறாமல் இருக்கக் குப்பைமேல் மூடியிருக்கும் வலையைத் தூக்கிப் பையை வைத்துக்கொண்டிருந்தார். நேராகவே கேட்டேன்.

"ஹயாசாகா சார், முள்ளங்கி விஷயம் எனக்குத் தெரிஞ்சு போச்சு."

அவர் வலையைக் கீழே விட்டார். "முள்ளங்கியா? மன்னிக்கணும், நான் ரெண்டு நாளா நாராவுல..."

"நாரா பேச்செல்லாம் வேணாம். முப்பது மில்லிமீட்டர். இதுக்கு என்ன சொல்றீங்க?"

அந்த மனுஷர் வெலவெலத்துப்போய் இடுப்பு வரை குனிந்தார். "ரொம்ப மன்னிச்சுக்குங்க, இசோபே சார். எல்லாம் என் தப்புதான். உங்க மனசு கஷ்டப்படற மாதிரி நடந்துக்கிட்டேன். இனிமே இப்படி நடக்காது" என்றார். இரண்டாம் மாடியிலிருந்து சங்கத் தலைவி எட்டிப் பார்த்தாள், அவளுக்கும் சேர்த்து ஒரு தடவை குனிந்தார். குற்றத்தை இதைவிடத் தெளிவாக யாராவது ஒப்புக்கொள்ள முடியுமா?

ஆனால் ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சந்தோஷமாக இல்லை. திருட்டு அளவாகவே இருக்கட்டும், அவள் கண்ணை மூடியது அவருடைய முள்ளங்கிக்குத்தானே? வியாழக்கிழமை முறைப்படி ராஜினாமாக் கடிதம் எழுதி, முத்திரை குத்தி, ஏப்ரன் பையில் வைத்து, ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டேன். அன்று இரவும் நேற்று இரவும் கொதிநீர் ஊற்றுகிற கப் நூடுல்ஸ். சுமியே கடிதத்தைப் படித்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டாள். நான் என் கப்பில் இன்னும் கொஞ்சம் கொதிநீர் ஊற்றிக்கொண்டேன்.

ஆகவே மச்சான் அவர்களிடம் மூன்று விண்ணப்பங்கள். புத்தாண்டுக்கு வரும்போது தங்கள் தங்கையை உட்காரவைத்து, 303ஆம் வீட்டு டப்பா இனி நம் வாசலைத் தாண்டக்கூடாது என்று மூத்தவர் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அடுத்து, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, தாங்கள் அனுப்பும் கடற்பாசியில் முன்போல் சாரம் இல்லை என்று நினைக்கிறேன். அதை வைத்துச் சமைத்தால் பாராட்டு வருவதில்லை. இந்த வருஷம் அனுப்ப வேண்டாம். மூன்றாவதாக, இனி நான் அடுப்புப் பக்கம் போவதாக இல்லை என்பதைச் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் தாங்களே தெரிவித்துவிட வேண்டும்.

தங்கள் குடும்பத்தில் எல்லாரும் சளி பிடிக்காமல் வருஷத்தை முடிக்க வேண்டும் என்றும், புது வருஷத்தின் முதல் சூரியன் தங்கள் வீட்டு ஜன்னலில் மேகமில்லாமல் விழ வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டு, தொடர்ந்து தங்கள் தயவை நாடும்,

இசோபே மசானோரி
டிசம்பர் 6, சனிக்கிழமை

பின்குறிப்பு: மேலே இருப்பதைப் படிக்க வேண்டாம். கிழித்துப் போட்டிருப்பேன், உறையில் தபால்தலை ஒட்டிவிட்டேன், வீணாக்க மனம் வரவில்லை.

உறையை மூடப்போகும் நேரத்தில் மணி அடித்தது. ஹயாசாகா. கையில் கடையில் வாங்கின மன்னிப்புப் பலகாரப் பெட்டி, நல்ல காகிதம் சுற்றியது. வாசலிலேயே குனிந்து, "இசோபே சார், மூணு நாளா தூக்கமே இல்ல. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு தயவுபண்ணிச் சொல்லிடுங்க, இன்னொரு தடவை ஒழுங்கா மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார். சுமியே உள்ளிருந்து ஓடிவந்தாள். முள்ளங்கி என்றேன். எந்த முள்ளங்கி என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஹயாசாகா வீட்டில் இல்லை, நாராவுக்குப் போய்விட்டார். சுமியே டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து, நான் குளித்துக்கொண்டிருந்ததால் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள், சொல்ல மறந்துபோனாள். திங்கட்கிழமை அவள் தின்றது என் முள்ளங்கி. ஒரு ராத்திரி முழுக்கச் சாற்றிலேயே கிடந்து ஊறின முள்ளங்கி.

"எட்டு மாசமா அடுப்புலேர்ந்து இறக்கின கையோட கொண்டாந்து வெச்சீங்க. ஆறினாத்தானே சாறு உள்ள இறங்கும்? நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு சும்மா இருந்தேன். அன்னிக்கு அப்படி வந்திருந்துச்சு, வாய் நிறையச் சொன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனீங்களே" என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கி இருந்தது. அளந்துபார்த்துவிட்டுத் திரும்ப டப்பாவில் வைத்திருந்த அந்தக் கடைசி வில்லையை எடுத்துவந்து ஹயாசாகாவுக்குக் கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டார், மறுபடி இடுப்பு வரை குனிந்தார். இந்தத் தடவை மன்னிப்புக்காக இல்லை. என்ன கடற்பாசி என்று கேட்டார். சுருகா, என் மச்சான் அனுப்புவது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

ஆகவே தங்கையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். கடற்பாசியை வழக்கம்போல் அனுப்பவும், முடிந்தால் இரண்டு பங்காக. ராஜினாமாவை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஹயாசாகா தங்கமான மனுஷர், பொறாமை எல்லாம் அடியோடு தீர்ந்துவிட்டது.

அவர் போன பிறகு, சும்மா ஒரு பேச்சுக்கு, "அப்போ யார் சமையல் உசத்தி, அவரோடதா என்னோடதா?" என்று சுமியேயைக் கேட்டேன். அவளும் யோசித்துப் பார்த்து, "முள்ளங்கி உங்களோடது. பரங்கிக்காய் அவரோடது" என்றாள்.

தபால் பெட்டிக்குப் போகிற வழியில் பரங்கிக்காய் வாங்கப் போகிறேன். வெர்னியர் கோட்டுப் பையில் இருக்கிறது.