தேர்க் குழுவுக்குப் பூட்டுப் போட்ட விபரம்

டிக்கோயா,
தேர் முடிந்த மறுநாள்.

அன்புள்ள மாப்பிள்ளை கஜேந்திரனுக்கு,

இங்கே மழையும் நாங்களும் குறைவில்லாமல் இருக்கிறோம். கொழும்பில் நீங்களும் என் தங்கை கிருஷாந்தியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அம்மன் துணை நிற்கட்டும். போன மாதம் வந்திருந்தபோது, நான் நடத்தும் நம் தேயிலைத் தோட்டத் தேர்த் திருவிழா வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துவிட்டு, "மச்சான், யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் எழுதலாம்னு விட்டிருக்கீங்களே, வம்புங்க" என்றீர்கள். நான் சிரித்தேன். முப்பத்திரண்டு வருடம் வகுப்பறையில் நின்றவன். சத்தம் போடும் வகுப்பை அதன் பாட்டில் விட்டால் பத்து நிமிடத்தில் தானே அடங்கும், கெட்ட எண்ணமும் வெளியே வந்தால் காற்றுப் பட்டுக் காய்ந்துவிடும் என்று உதாரணத்தோடு விளக்கினேன். அந்த விளக்கத்தை இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன்.

நடந்தது இதுதான். கடைக்கார ஹமீத் நானா, போன ஞாயிறு குழுவில் ஒரு கேள்வி கேட்டார்: "வெள்ளிக்கிழமை தேர் எத்தனை மணிக்கு என்ட கடையடிக்கு வரும்? அரிசி லொறி வர இருக்கு." வருடா வருடம் தேர் அங்கே நிற்கும், அவர் எல்லாருக்கும் சர்பத் கொடுப்பார், அதற்குள் லொறியை அனுப்பிவிடலாம் என்றுதான் கேட்டார். பத்து நிமிடத்தில் ஒருவர், "லொறிய தேர்ப் பாதையில நிப்பாட்டப் போறாராமே" என்று எழுதினார். மதியச் சாப்பாட்டுக்குள் தேரை மறிக்கவே லொறி வருகிறது என்றானது. தேத்தண்ணி நேரத்தில் லொறி மூன்றாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள், லய வீட்டில் கோழியைக்கூட அதட்டாத நம் சுதாகரன், "இது நம்ம இனத்துக்கே சவால்! ஹமீத் கடையில கால் வைக்கிறவன் துரோகி!" என்று எழுதி, பக்கத்தில் எட்டு நெருப்புப் படம் போட்டிருந்தான். வகுப்பு இன்னும் அடங்கவில்லை, பொறுப்போம் என்று இருந்தேன்.

மாப்பிள்ளை, தோட்டத்தின் கீழ்ப்பகுதியான கீழ்க்கணக்கு லய வீடுகளில் சிக்னல் கிடையாது. பிடிக்கிற ஒரே இடம் ஹமீத் நானா கடை வாசலில் கிடக்கும் வாங்குப் பலகை. ஆகையால் அந்தக் கடைக்குப் போகாதே என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்தக் கடைக்குப் போய்த்தான் எழுத வேண்டியிருந்தது. மழை வேறு. சும்மா உட்கார முடியுமா, ஆளுக்கொரு பிளேன்டீ, ஒரு வடை. நான் போனபோது சுதாகரன் போனில் துரோகிகளை எச்சரித்துக்கொண்டே, "நானா, சீனி கொஞ்சம் கூடப் போடுங்க" என்கிறான்.

"டேய், இது யாரு கடைடா?" என்றேன்.

"அது வேற சேர், குரூப் வேற" என்றான்.

நானா சீனியைப் போட்டார். "பகிஷ்கரிப்பு தொடங்கினதுல இருந்து யாவாரம் நல்லாத்தான் போகுது சேர்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அதைப் பார்த்து இது வெறும் விளையாட்டு என்று நினைச்சுட்டேன், அதுதாங்க நான் செஞ்ச பிழை. முன்பள்ளி டீச்சர் லோஜினி, "இது சரியில்லை" என்று ஒரே ஒரு வரி எழுதினா. அதுக்கு இருபத்தேழு பதில். அவ விலகிட்டா. ஹமீத் நானாவும் சொல்லாமக் கொள்ளாம விலகிட்டாரு. நிதானமா பேசுறவங்க ஒவ்வொருத்தரா வாயை மூட, இருநூறு பேர் இருக்குற குரூப்ல பேசுறது ஒன்பதே பேர். அந்த ஒன்பது பேரும் ஒருத்தர் எழுதுறத ஒருத்தர் பார்த்து, தோட்டமே நம்ம பக்கம்னு முடிவு கட்டிட்டாங்க. நல்ல பிள்ளைங்க எல்லாம் எழுந்து வெளிய போயிட்டா அந்த வகுப்பு எப்படிங்க தானா அடங்கும்? செவ்வாய்க்கிழமை ஒருத்தன், "வெள்ளிக்கிழமை லொறி வந்தா கல்லு பேசும்"னு எழுதினான். பதினாலு பேர் கைதட்டல் போட்டாங்க. எழுதாதவங்களும் கைதட்ட ஆரம்பிச்சாச்சு.

மறுநாள், என்னிடம் கணக்குப் படிக்க வரும் நானாவின் மகள் நஸ்லியா வரவில்லை. அடுத்த மாதம் அவளுக்கு ஓ.எல். பொதுப் பரீட்சை. வீட்டுக்கே போனேன்.

"வாப்பா மறிக்கல்ல சேர், நான்தான் வரல்ல" என்றாள். "கூட்டாளிட போன்ல எல்லாத்தையும் வாசிச்சேன். எழுதினவங்க பேரெல்லாம் பாத்தேன். அப்படி எழுதாதீங்கன்னு உங்க பேர் எங்கயாச்சும் இருக்கான்னும் தேடினேன்."

என் பேர் அங்கே எங்கும் இல்லை. 

திரும்பி வந்ததும் குழுவைப் பூட்டினேன். இனி நான் மட்டுமே எழுதலாம். வெள்ளிக்கிழமை தேர் வந்தது. கல் எதுவும் பேசவில்லை. சுதாகரன் வடம் பிடித்த கையோடு நானாவின் சர்பத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்தான். குழுவில் மூன்று நாளாகப் பூரண அமைதி. ஒழுக்கம் பற்றித் தினமும் நான்கு பதிவு போடுகிறேன், ஓர் எதிர்ப்பும் இல்லை. ஆகவே நீங்கள் சொன்னதே சரி, மாப்பிள்ளை. பொறுப்பும் அனுபவமும் உள்ள ஒருவர் கையில் சாவி இருந்தால் எல்லாம் அடங்கும்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் கல்வியிலும் குணத்திலும் உயர என் ஆசி.

உங்கள் மச்சான்,
அழகன் (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பி.கு.: உறையை ஒட்டும் முன் ஒரு திருத்தம். குழு அமைதியாக இருப்பது, அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதால். புதன்கிழமையே லோஜினி வேறு குழு தொடங்க, தோட்டமே அங்கே போய்விட்டதாம். அங்கே யாரும் எதையும் எழுதலாம். ஆனால் ஒருவரைப் பற்றி எழுதுவதென்றால், முதலில் அவரிடம் நேரே போய்க் கேட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அழிக்கப்படும். அப்படித்தான் சுதாகரன் நானாவிடம் போய்க் கேட்டு, லொறி விடியற்காலையே போய்விடும் என்று தெரிந்துகொண்டு, அதை அவனே எழுதியிருக்கிறான். அழிக்கும் பொறுப்பு நஸ்லியாவுக்கு. என்னையும் சேர்க்கக் கேட்டேன், உடனே சேர்த்தாள். ஒழுக்கம் பற்றிய என் முதற் பதிவை அடுத்த நிமிடமே அழித்துவிட்டு, தனியாக ஒரு வரி அனுப்பினாள்: "நீளம் கூடிப்போச்சு சேர். நாளைக்குக் கணக்குக்கு வாறேன்."