அட்டையில் கட்டிய அடுக்களை

சுவா சூ காங்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள மைத்துனன் சுப்பிரமணியத்துக்கு, உன் அத்தான் அழகர்சாமி ஆசி கூறி எழுதுவது.

சிராங்கூனில் நீயும் உன் வீட்டாரும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே நான் சுகமா என்று கேட்டால், உடம்புக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. கையில் போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று நீ நினைப்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் போட்டால் குடும்பக் குழு முழுவதும் அழுகிற பொம்மையும் கும்பிடுகிற கையுமாக அனுப்பித் தள்ளும். எனக்கு இரண்டும் வேண்டாம். விஷயம் இதுதான். கடிதம் கிடைத்ததும் காரை எடுத்துக்கொண்டு வந்து என்னை உன் வீட்டுக்கு அழைத்துப் போ. உன் வீட்டு ஸ்டோர் ரூம் என்றாலும் சரி, பழைய மின்விசிறிகளோடு படுத்துக்கொள்கிறேன். வரும்போது உன் அக்கா நின்று சமைத்த பலகையை மறக்காமல் கொண்டு வா. அவள் கருமாதி அன்று "அக்கா நின்ன பலகை அத்தான்" என்று அழுதுகொண்டே தூக்கிப் போனாயே, இப்போது உன் மனைவி அதன்மேல் மணி பிளான்ட் தொட்டி வைத்திருக்கிறாளே, அதேதான். தொட்டி வேண்டாம், பலகை மட்டும் போதும்.

நான் அடுக்களையில் வழுக்கி விழுந்தது உனக்குத் தெரியும். நீ ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தாய், அதில் பாதியை நீயே சாப்பிட்டாய். அதற்குப் பிறகு என் மகள் வைஷாலி ஒரே பிடியாக நின்றாள். "அப்பா, கிச்சன உங்க வயசுக்கு ஏத்த மாதிரி மாத்தணும். இல்லன்னா வீட்ட வித்துட்டு பொங்கோல்ல எங்க வீட்டுக்கே வந்துடுங்க. ரெண்டுல ஒண்ணு." மகள் வீட்டில் போய் ஏசி ரிமோட்டுக்குக் கை நீட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியாது. இந்த வீடு நானும் உன் அக்கா கமலமும் சாவி வாங்கி, பால் காய்ச்சி, குடியேறிய வீடு. ஆகவே கிச்சனையே மாற்று என்றேன். அவள் போனிலேயே பேசி அனுப்ரியா என்று ஒரு டிசைனர் பெண்ணை அமர்த்தினாள்.

டிசைன் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் புடவைக் கரையும் பொங்கலுக்குச் சிராங்கூன் ரோட்டில் போடும் விளக்கு அலங்காரமும்தான். இந்தப் பெண் படப் புத்தகம் கொண்டு வருவாள், நான் ஒரு பச்சை நிறத்தைக் காட்டுவேன், வேலை முடிந்தது என்று காத்திருந்தேன். அவள் வெறுங்கையோடு வந்தாள். ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக்கொண்டு அடுக்களை மூலையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் இல்லன்னு நெனச்சுக்கோங்க அங்கிள்" என்றாள். ஒருத்தி உட்கார்ந்து வெறித்துப் பார்க்கும்போது இல்லை என்று எப்படி நினைப்பது? முதல் நாள் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கோப்பி கலக்கினேன். மறுநாள் அலுத்துப்போய்க் கைலிக்கு மாறினேன். "அப்படித்தான் அங்கிள், இன்னிக்குத்தான் நீங்க நீங்களா இருக்கீங்க" என்றாள். அதற்கு மேல் ஒரே ஏன், ஏன், ஏன். மிளகாய்த்தூள் ஏன் அங்கே? ட்ராயரை ஏன் பாதிதான் திறக்கிறீர்கள்? ஜன்னல் பக்கம் ஏன் அப்படி நடக்கிறீர்கள்? எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, கிச்சன் கட்ட வந்தியா, கேஸ் விசாரிக்க வந்தியா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கிறாள். "டிசைன்னா அழகா செய்றது மட்டும் இல்ல லா அங்கிள். யார் இங்க வாழுறாங்க, எப்படி வாழுறாங்கன்னு மொதல்ல பாக்கணும். அதுக்கப்புறம்தான் பென்சில எடுக்கணும்." பேச்சு என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு வாரம் ஆளைக் காணோம். வந்தபோது குளிர்ப்பெட்டி வந்த பெரிய அட்டைகளும் ஒட்டுநாடாவும் பேனாக்கத்தியும் சுமந்து வந்தாள். பழைய மேடைக்கு முன்னாலேயே அட்டையை வெட்டி மடித்து ஒட்டி, நிஜ அளவில் ஒரு முழு அடுக்களையை நிற்க வைத்தாள். இது என்ன சிறுபிள்ளை விளையாட்டு என்றேன். "தப்ப அட்டையில செஞ்சா கிழிச்சுப் போடலாம் அங்கிள். மரத்துல செஞ்சா அதோட வாழணும். நீங்க சும்மா நடந்து பாருங்க, எங்க இடிக்குதோ சொல்லுங்க." சரி என்று நடந்தேன். அடுப்பு மேடை என் இடுப்புக்குச் சரியாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினேன் சுப்பு. அங்கே இன்னொரு மேடை, தாழ்வாக. மேலே கொக்கிகள், அவையும் தாழ்வாக. உன் அக்கா எவ்வளவு உயரம் என்று உனக்குத் தெரியும். அவள் அங்கே வந்து நின்றால் பலகையே இல்லாமல் அவளுடைய முழங்கை சரியாகப் போய் உட்காரும் உயரம். கமலத்தின் படம்கூட இந்த வீட்டில் இல்லை. மாலை போட்டு மாட்ட எனக்கு மனம் வராமல் அது வைஷாலி வீட்டில் இருக்கிறது. பலகை உன் வீட்டில் இருக்கிறது. பின் இவளுக்கு எப்படித் தெரியும்?

"இது யாருக்கும்மா?" என்றேன்.

"ஆன்ட்டிக்கு" என்றாள், ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்துக்கொண்டே. "ஆன்ட்டி வெளியவே வர மாட்டாங்களா அங்கிள்? நான் இருக்கறதால கூச்சப்படுறாங்களா?"

"எந்த ஆன்ட்டி? நீ எப்ப பாத்தே?"

"நேர்ல பாக்கல. ஆனா இருக்காங்கதானே? நீங்க ஜன்னல் பக்கம் போறப்பல்லாம், யாரோ நிக்கிறாங்கன்ற மாதிரி ஒருக்களிச்சுப் போறீங்க. ட்ராயர பாதிதான் இழுக்கறீங்க, யார் இடுப்புலயோ பட்டுடும்னு. நீங்க இவ்ளோ உயரம், ஆனா மேல் தட்டெல்லாம் காலி, எல்லா டப்பாவும் கீழ் தட்டுல. அப்ப எடுக்கற ஆள் குள்ளம்னு புரிஞ்சுது. வெளிய போறப்ப கிச்சனப் பாத்து 'போயிட்டு வர்றேன்'னு சொல்றீங்க. உடனே கெளம்ப மாட்டீங்க. அவங்க பதில் சொன்னப்புறம்தான் செருப்பு மாட்டுறீங்க. எனக்குக் கேக்கல, உங்களுக்குக் கேக்குதுன்னு நெனச்சேன்."

நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். கமலத்துக்கு இரண்டாவது திதியும் கொடுத்தாயிற்று, இந்த வீட்டில் நான் ஒருவன்தான் என்றேன். அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தாள், அட்டை மேடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேனாக்கத்தியைக் கீழே போட்டாள். எனக்கு ஆறுதல் சொல்லுவாள் என்று நினைத்தேன். "அங்கிள், எனக்கு மீட்டிங் இருக்கு" என்று சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கி ஓடிவிட்டாள். முக்காலி இங்கேயே கிடக்கிறது. கண்டுபிடித்தவள் ஓடிவிட்டாள். கண்டுபிடிக்கப்பட்ட வீட்டில் நான் மாட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து என் நிலைமையைக் கேள். ஜன்னல் பக்கம் நேராக நடந்து போய்விடுவது என்று பிடிவாதமாகக் கிளம்புகிறேன், கிட்டப் போனதும் தோள் தானாகத் திரும்பிவிடுகிறது. ட்ராயரை முழுதாக இழுக்கக் கை வரவில்லை. நேற்று நல்ல வெயிலில் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் புறப்பட்டு, வாய் மறந்து "போயிட்டு வர்றேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். சொன்ன பிறகுதான் நான் காத்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. இத்தனை நாள் எதைக் கேட்டு இந்தக் கால் செருப்புக்குள் போனது? யோசிக்க யோசிக்கக் கால் நகரவே மறுக்கிறது. எதிர்வீட்டு ரபியா பார்த்துவிட்டு, "என்ன அங்கிள், சாவி தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்கும்வரை நின்றேன். மீனும் இல்லை ஒன்றும் இல்லை, ரொட்டியைத் தின்றேன். இன்னொன்றும் சொல்கிறேன், பயப்படாதே. அந்தத் தாழ்ந்த அட்டை மேடை நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. மழைக்காற்றில் அட்டை நமத்துப்போயிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். மற்ற மேடைகள் எல்லாம் நமத்துப்போகவில்லை.

எனக்கு அவளிடம் பயம் என்று நினைக்காதே. வாழ்ந்தவளிடம் என்ன பயம்? அவள் இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதை இந்தப் பெண் அட்டையும் ஒட்டுநாடாவும் வைத்து ஒரே மத்தியானத்தில் கலைத்துவிட்டாள். இனி இங்கே இருக்க முடியாது. கிச்சனும் வேண்டாம், வீட்டை விற்றுவிடு என்று வைஷாலிக்கும் சொல்லப் போகிறேன். நீ வந்து பலகையை ஜன்னலடியில் வைத்து ஒரு விளக்கை ஏற்று, அவளிடம் சொல்லிக்கொண்டு நாம் கிளம்பிவிடலாம். வீட்டில் எல்லாருக்கும் என் ஆசிகள். உன் மனைவியிடம் நான் காரம் குறைவாகச் சாப்பிடுகிறவன் என்பதை மட்டும் ஞாபகப்படுத்து.

நிறைந்த ஆயுளோடும் நிற்காத சம்பளத்தோடும் நீடூழி வாழ வாழ்த்தும்,
உன் அத்தான்,
அழகர்சாமி.

பி.கு: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலில் போட எழுந்தபோது அனுப்ரியா வந்துவிட்டாள், கையில் ஒரு டஜன் வாழைப்பழத்தோடு. ஓடியதற்கு மன்னிப்புக் கேட்டாள். "தப்புப் பண்ணிட்டேன் அங்கிள், ஒருத்தருக்கு மட்டும் மறுபடி வரையறேன். அந்தச் சின்ன மேடைய எடுத்துடவா?" என்று பேனாக்கத்தியை எடுத்தாள். "தொடாதே!" என்று கத்திவிட்டேன். ஏன் கத்தினேன் என்று காட்டிக்கொள்ளாமலிருக்க, அவளுடைய முக்காலியை இழுத்துப் போட்டு அந்த மேடை முன் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிற மாதிரி பாவனை செய்தேன். என்ன ஆச்சரியம், உட்கார்ந்தபடி வேலை செய்ய எனக்கு அதுதான் சரியான உயரம். நிற்க வேண்டாம், வழுக்காது, முட்டி வலிக்காது. போட்டோ பார்த்து வைஷாலியும் சரி என்றுவிட்டாள். வீட்டை விற்கும் பேச்சு இனி இல்லை. அட்டையில் இருப்பது அப்படியே மரத்தில் வருகிறது. அந்தப் பெண்ணும் புறப்படும்போது ஜன்னல் பக்கம் ஒருக்களித்தே நடந்து போனாள்.

நீ வர வேண்டாம். கீழே போய் இதைத் தபாலில் போட வேண்டும். இப்போதுதான் அடுக்களையைப் பார்த்து "போயிட்டு வர்றேன்" என்றேன், கொஞ்சம் நின்றேன், செருப்பையும் மாட்டிக்கொண்டேன். பலகையை நீயே வைத்துக்கொள், சுப்பு. இனிமேல் அவளுக்கு அது தேவைப்படாது.